ஜாதி நாய்

அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருவில் நிம்மதியாகத் தூங்கிய ஒரே நாய் மணிதான்.

1998. சாத்தூரில் இருந்தோம். பக்கத்தில் சிவகாசி இருப்பதால் எங்கள் ஊர் தீபாவளி சத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தெருநாய்கள் எல்லாம் முந்தின நாளே ரயில்வே லைனைத் தாண்டிக் காணாமல் போயிருந்தன. எதிர்வீட்டு பொமரேனியன் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. மணி மட்டும் முற்றத்தில் நான்கு காலையும் நீட்டிப் படுத்திருந்தது. பத்தடி தூரத்தில் லட்சுமி வெடி. மணி வாலைக்கூட அசைக்கவில்லை. அப்பா வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். “பாத்தீங்களா, ஜாதி நாய்னா இப்படித்தான் இருக்கும். பயம்னா என்னன்னே தெரியாது.”

அது ராஜபாளையம் குட்டி. பால்வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. 800 ரூபாய் கொடுத்து ஒருவரிடம் வாங்கி வந்திருந்தார். அப்பாவின் அன்றைய சம்பளத்தில் அது பெரிய தொகை. விற்றவர் மூக்கைத் தொட்டுக் காட்டி, “ஒரிஜினல் சார், இதுதான் அடையாளம்” என்றாராம்.

அடுத்த மாசி மாதம் ஒருநாள் காலை பால் வேன் ரிவர்ஸ் எடுத்தது. மணி ரோட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. டிரைவர் அழுதுவிட்டார். “ஹாரன் அடிச்சேன் சார். ரெண்டு தடவை அடிச்சேன். நகரவே இல்ல சார்.” அப்பா ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தார். தீபாவளி ஞாபகம் அவருக்கு அப்போது வந்திருக்க வேண்டும். மணி என்று பெயர் வைத்த கேலி எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின.

இப்போது என் மகளுக்கு ஏழு வயது. நாய் வேண்டும் என்கிறாள். சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் குடும்பத்தில் இந்தக் கோரிக்கை ஒரு வருடமாக நிலுவையில் உள்ளது. ராஜபாளையமே வாங்கலாம், ஆனால் இந்த முறை ஒழுங்கான இடத்தில் விசாரித்து வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆபீசில் நாய் வளர்க்கும் நண்பனிடம் கேட்டேன். “பேப்பர் இருக்கான்னு மட்டும் கேளு. பேப்பர் இருந்தா ஒரிஜினல்” என்றான்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். பேப்பர் இருந்தால் ஒரிஜினல் என்று யாராவது சொன்னால், அந்தப் பேப்பரை யார் எழுதினார்கள், எதைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வி என்னை இங்கிலாந்தின் நியூகாசில் வரை கொண்டுபோய்விட்டது.

1859 ஜூன் மாதம் நியூகாசில் நகரில் ஒரு நாய்க் கண்காட்சி நடந்தது. முறையாக நடந்த முதல் நாய்க் கண்காட்சி என்று அதைத்தான் சொல்கிறார்கள். வேட்டைக்குப் போகும் பாயிண்டர், செட்டர் என இரண்டே வகைதான். சுமார் 60 நாய்கள். பரிசு, துப்பாக்கி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாயிண்டர் பிரிவில் ஜெயித்த நாய், செட்டர் பிரிவு நடுவருடையது. செட்டர் பிரிவில் ஜெயித்த நாய், பாயிண்டர் பிரிவு நடுவருடையது. தூய இனம் என்ற சங்கதி பிறந்த அன்றே இப்படித்தான் இருந்திருக்கிறது.

அதற்கு முன்னால் நாய் வகைகள் இல்லையா என்றால், இருந்தன. ஆனால் வேலையை வைத்து. ஆடு மேய்ப்பது, எலி பிடிப்பது, காவல் காப்பது, முயல் விரட்டுவது. நல்ல வேலைக்காரனை நல்ல வேலைக்காரியோடு சேர்ப்பார்கள். உருவம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாருக்கும் கவலை இல்லை. நம் பக்கத்துக் கதையும் அதுதான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலம். தொறுப்பூசலில் செத்த வீரனோடு அவனுடைய நாயும் கல்லில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். நாயின் பெயரும் அது செய்த வேலையும் கல்லில் இருக்கின்றன. என்ன இனம், என்ன நிறம், அப்பன் யார் என்று ஒரு எழுத்து இல்லை.

விக்டோரியா காலத்து இங்கிலாந்து இதைத் தலைகீழாக மாற்றியது. ரயில் வந்துவிட்டது, நாயை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கண்காட்சிக்குப் போகலாம். புதுப்பணம் வந்த நடுத்தர வர்க்கத்துக்குப் பந்தயக் குதிரை கட்டுப்படியாகாது, நாய் கட்டுப்படியாகும். குதிரைகளுக்கு 1791-லேயே வம்சாவளிப் பதிவேடு வந்துவிட்டது. நாய்க்கும் ஒன்று வேண்டாமா? 1873-ல் ஷர்லி என்ற நாடாளுமன்ற உறுப்பினரும் இன்னும் 12 கனவான்களும் லண்டனில் கென்னல் கிளப்பை ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் வந்த முதல் பதிவேட்டில் 4,027 நாய்கள். பதிவேட்டின் கணக்கு எங்கே தொடங்கியது தெரியுமா? 1859-லிருந்து. அதாவது நியூகாசிலிலிருந்து. அதற்கு முன்னால் வாழ்ந்த நாய்கள் எல்லாம் பதிவேட்டைப் பொறுத்தவரை வரலாற்றுக்கு முந்தியவை.

பெடிகிரி என்றால் எங்கள் தெருக்கடையில் நாய்த் தீனி. ஆனால் அந்தச் சொல் பழைய பிரெஞ்சில் நாரையின் கால் என்ற பொருளிலிருந்து வந்தது. வம்சாவளிப் படங்களில் ஒரு பெயரிலிருந்து மூன்று கோடு பிரிவது நாரைக் கால் தடம் போல இருந்ததாம். எங்கள் தொழிலில் தினமும் பார்க்கும் கிட் வரைபடமும் அச்சு அசல் அப்படித்தான் இருக்கும். ஒரு வித்தியாசம். எங்கள் வரைபடத்தில் வெளியிலிருந்து புதுக் கிளையைக் கொண்டுவந்து மெர்ஜ் செய்யலாம். நாய்ப் பதிவேட்டில் ஒரு கட்டத்துக்கு மேல் அது கிடையாது. அம்மா, அப்பா இருவரும் பதிவேட்டில் இருந்தால்தான் குட்டி பதிவேட்டில் ஏறும். கதவை மூடியாகிவிட்டது. உள்ளே இருக்கிறவர்கள் தங்களுக்குள்ளேயேதான் கல்யாணம் கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஏதோ பரிச்சயமான வாடை அடித்திருக்கும்.

நாம் அதற்கு வைத்திருக்கும் பேர் ‘ஜாதி நாய்’. யாரும் யோசித்து வைத்த பெயர் இல்லை, தானாக வந்து விழுந்த பெயர். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. மறுபக்கம் பாருங்கள். நம் தெருவில் பிறந்து வளரும் நாய்க்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘பரையா டாக்’. பறையர் என்ற சாதிப் பெயரை எடுத்து, யாருக்கும் சொந்தமில்லாத நாய் என்ற பொருளில் அகராதியில் ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கும் ஆங்கிலத்தில் எழுதுகிற நாய்ப் பிரியர்கள் அதை ஒரு இனப் பெயராகக் கூச்சமில்லாமல் பயன்படுத்துகிறார்கள். மேலே ஒரு சாதிச் சொல், கீழே ஒரு சாதிச் சொல், நடுவில் நாய் பாவம் எதுவும் தெரியாமல் நிற்கிறது.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. டார்வினின் உறவினர் ஃபிரான்சிஸ் கால்டன் 1883-ல் ‘யூஜெனிக்ஸ்’ என்ற சொல்லை உருவாக்கினார். மனிதர்களில் நல்ல வம்சத்தைப் பெருக்கி மற்றதைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கை. அது அடுத்த நூற்றாண்டில் எங்கே போய் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். பரம்பரைக் குணங்களில் ஒவ்வொரு முன்னோருக்கும் எவ்வளவு பங்கு என்று கால்டன் 1897-ல் ஒரு விதி வெளியிட்டார். அதற்கு அவர் பயன்படுத்திய தரவு எது? எவரெட் மிலே என்பவர் வளர்த்த பாசெட் ஹவுண்ட் நாய்களின் பதிவேடு. தலைமுறை தலைமுறையாக எந்தக் குட்டி மூன்று நிறம், எந்தக் குட்டி இரண்டு நிறம் என்று எழுதி வைத்திருந்தார்கள். மனிதனைப் பற்றிய ஒரு பயங்கரமான கனவு நாய்க்குட்டி நிறக் கணக்கிலிருந்து தனக்கு வேண்டிய எண்களை எடுத்துக்கொண்டது.

இதில் எனக்குப் பிடித்த ஆள் மிலேதான். ஓவியர் ஜான் எவரெட் மிலேயின் மகன். உள்ளுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துத் தன் நாய்கள் நலிந்துபோவதைப் பார்த்தவர், பிளட்ஹவுண்ட் இனத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து செயற்கைக் கருவூட்டல் மூலம் கலந்தார். 1890களில்! பதிவேட்டை நன்றாக எழுதியவரே அதன் கதவைத் திறந்தும் விட்டார். கால்டன் எண்களை எடுத்துக்கொண்டார், இந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

மணிக்கு வருகிறேன்.

நியூகாசில் கண்காட்சி நடந்த அதே 1859-இன் நவம்பரில்தான் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளியானது. முதல் அத்தியாயத்திலேயே வீட்டு விலங்குகளைப் பற்றிப் பேசுகிறார். உடம்பில் ஒன்றை மாற்றினால் சம்பந்தமே இல்லாத இன்னொன்றும் சேர்ந்து மாறும் என்பதற்கு அவர் சொல்லும் உதாரணம், நீலக் கண் பூனைகளுக்குக் காது கேட்பதில்லை என்பது. பிந்தைய பதிப்புகளில் முழு வெள்ளைப் பூனைகள் என்று இன்னும் தெளிவாக எழுதினார். ஒரே வருடத்தில் ஒரு பக்கம் நாயை அழகுக்காக மேடை ஏற்றுகிறார்கள், இன்னொரு பக்கம் அழகுக்குப் பின்னால் வரும் பில்லை ஒருவர் எழுதி வைக்கிறார்.

ஏன் அப்படி என்பதை இப்போது அறிவியல் நன்றாகவே விளக்குகிறது. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கும் நிறமிச் செல்கள் கருவில் முதுகுத்தண்டுப் பகுதியில் உருவாகி, உடல் முழுக்கப் பயணம் செய்து இடம் பிடிக்கின்றன. பெயிண்ட் அடிக்கப் புறப்பட்ட ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் சிலர் உள்காதுக்கும் போக வேண்டும். அங்கே அவர்களுக்கு வேலை பெயிண்ட் அடிப்பது இல்லை. ஒலியை உணரும் நுண்ணிய முடிச்செல்கள் உயிரோடிருக்கத் தேவையான திரவச் சூழலைப் பராமரிப்பதில் அவர்களுக்குப் பங்குண்டு. ஆட்கள் வந்து சேரவில்லை என்றால், குட்டி பிறந்து மூன்று நான்கு வாரத்தில் அந்தச் செல்கள் செத்துப்போகும். திரும்ப வராது.

எல்லா வெள்ளையும் இப்படியில்லை. சமோயெட் நாய் பனிபோல வெள்ளை, ஆனால் மூக்கு கறுப்பு, காதும் கேட்கும். அங்கே ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள், வெளிர் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆட்களே வராத வெள்ளைதான் ஆபத்து. மூக்கில்கூட நிறமி இல்லாத ரோஸ் நிறத்தை ‘ஒரிஜினல்’ என்று நாம் கொண்டாடும்போது, எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று யோசிக்க வேண்டும். ராஜபாளையம் இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் வருவது வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதே இனத்தில் பழுப்பும் கறுப்புமாகக் குட்டிகள் பிறப்பதும் தெரிந்த சங்கதி. அவற்றை வைத்துக்கொள்ளாமல் ‘கழித்துவிடுவது’ அந்தப் பக்கத்துப் பழைய வழக்கம்.

டால்மேஷியன் கதை இதற்கு நல்ல கண்ணாடி. வெள்ளையில் கறுப்புப் புள்ளி போட்ட நாய். அமெரிக்காவில் பரிசோதித்த டால்மேஷியன்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. குட்டி பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டு இருந்தால் அதற்குக் காது கேட்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் ஆய்வில் வந்திருக்கிறது. ஆனால் திட்டு இருந்தால் கண்காட்சியில் தகுதி நீக்கம். புள்ளிதான் இருக்கணும், திட்டு இருக்கக் கூடாது. விதி.

டால்மேஷியனுக்கு இன்னொரு பிரச்னையும் உண்டு. சிறுநீரில் யூரிக் அமிலம் மிக அதிகம், கல் அடைத்துச் செத்துப்போகும் நாய்களும் உண்டு. தூய டால்மேஷியன் ஒவ்வொன்றிலும் அந்தப் பழுதான மரபணுவின் இரண்டு பிரதியும் இருக்கிறது. அதாவது எந்த இரண்டைச் சேர்த்தாலும் சரிசெய்ய முடியாது, சரியான பிரதி பதிவேட்டுக்குள்ளேயே இல்லை. 1973-ல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு டால்மேஷியனை ஒரு பாயிண்டரோடு சேர்த்தார். ஆமாம், நியூகாசிலில் மேடை ஏறிய அதே பாயிண்டர் இனம். பிறகு குட்டிகளைத் திரும்பத் திரும்ப டால்மேஷியன்களோடு சேர்த்து, சரியான மரபணுவை மட்டும் தக்கவைத்தார். ஐந்து தலைமுறை கழித்து 1981-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. டால்மேஷியன் சங்கத்துக்காரர்கள் கொதித்தார்கள். ரத்தம் கெட்டுப்போச்சு. பதிவு நின்றது. திரும்பக் கதவு திறந்தது 2011-ல். முப்பது வருடம். இதற்கிடையில் 2008-ல் அந்த மரபணுவையே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு வரி பேட்சை அப்ரூவ் செய்ய முப்பது வருடம் எடுத்துக்கொண்ட கமிட்டியை நான் ஆபீசில்கூடப் பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் 2008-ல் பிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படத்துக்குப் பிறகுதான் தாய்-மகன், அண்ணன்-தங்கை சேர்க்கையில் பிறந்த குட்டிகளைப் பதிவதில்லை என்று கென்னல் கிளப் முடிவெடுத்தது. அதுவரை பதிந்துகொண்டிருந்தார்கள்.

நம்மூரில் கதை இன்னும் சுருக்கம். தூயது தூயது என்கிறோம், பதிவேடு பெரும்பாலும் வாய்மொழிதான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று பட்டியல் சொல்வோம். பாளையக்காரர் போரில் வெள்ளைக்காரன் குதிரைகளைக் கடித்துக் குதறிய வீரக்கதையும் சொல்வோம். அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளலாம். 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று. சைதாப்பேட்டையில் தமிழ்நாடு அரசே நாட்டு நாய்களுக்கு இனவிருத்திப் பிரிவு ஒன்றை நடத்திவந்தது. உள்ளே நாய்கள் இருந்த நிலை நீதிமன்றம் வரை போய், 2016-ல் அதை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-ல் சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு முழு நூல் எழுதினார். 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் பெயர் சொல்லிப் பேசினார். இப்படிப் பேர் கிடைத்தது. குட்டி எங்கே, எப்படிப் பிறக்கிறது என்பதை மட்டும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனவிருத்திக்கும் விற்பனைக்கும் விதிகள் கொண்டுவந்தது. வளர்ப்பவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கைக்கு விடக் கூடாது. ஆயுளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது. நெருங்கிய ரத்த உறவில் சேர்க்கக் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. மைக்ரோசிப் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2020-லிருந்து இன்னொரு விதி, குட்டியை அது பிறந்த இடத்தில் தாயோடு சேர்த்துக் காட்டித்தான் விற்க வேண்டும், இடைத்தரகர் கூடாது. குட்டிப் பண்ணை ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட லூசி என்ற நாயின் பெயரால் அதைச் சொல்கிறார்கள். எனக்கு எல்லா விதியிலும் பிடித்தது இதுதான். பேப்பரைக் கேட்காதே, அம்மாவைக் கேள்.

போன தை மாதம் ஊருக்குப் போனபோது இதையெல்லாம் மனதில் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் போனேன். மாமா பைக் ஓட்டினார்.

முதலில் போனது ஒரு பண்ணை. வரிசையாகக் கூண்டுகள். பத்துப் பன்னிரண்டு குட்டிகள், எல்லாம் வெள்ளை, எல்லாம் ரோஸ் மூக்கு. கண் திறந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது, நிற்கும்போதே கால் பின்னியது. “எத்தனை வாரம் அண்ணே?” என்றேன். “ஒன்றரை மாசம் ஆச்சு சார்.” தாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். “தாய் தோட்டத்துல இருக்கு.” தோட்டத்துக்குப் போகலாமா? “அது வேத்தாளைக் கண்டா கடிச்சிரும் சார்.” பேப்பர்? “பேப்பர் வந்துரும், அதுக்குத் தனியா ரெண்டாயிரம்.” எந்தக் கேள்விக்கும் அவர் ஒரு நொடி தாமதிக்கவில்லை. என்னைப் பற்றி அவர் கேட்ட ஒரே கேள்வி, ஜிபேயா, கேஷா.

மாமாதான் இன்னொருவரைச் சொன்னார். சஞ்சீவி மலை தெரிகிற ஒரு மாந்தோப்பில் வீடு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் போனபோது இரண்டு பெரிய நாய்கள் வந்து மோந்து பார்த்துவிட்டு, அவர் ஒரு சொல் சொன்னதும் போய்ப் படுத்துக்கொண்டன. ஒன்று வெள்ளை. இன்னொன்றுக்கு இடது காதும் கன்னமும் செம்பழுப்பு, மூக்கில் பாதி கறுப்பு.

“இது ராஜபாளையமா அண்ணாச்சி?” வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“அது இங்கதான் தம்பி பொறந்துச்சு. நீங்க எந்த ஊரு?” என்றார்.

திண்ணையில் ஐந்து குட்டிகள் தாயோடு கிடந்தன. ஏழு வாரம் என்றார். இன்னும் ஒரு வாரம் கழித்துத்தான் ஒவ்வொன்றாகப் போகும். அவர் ஒரு குட்டியை மட்டும் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து அறையில் விட்டார். அது வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கையில், அதன் முதுகுக்குப் பின்னால் எட்டத்தில் நின்று சாவிக்கொத்தை லேசாக ஆட்டினார். குட்டி திரும்பியது. “எல்லாம் சேர்ந்து கெடக்கையில பாத்தா ஏமாந்துருவோம். ஒண்ணு திரும்புனா மத்ததும் திரும்பும். தனியா வச்சுத்தான் பாக்கணும். தட்டைப் போட்டு அதிர வைக்கவும் கூடாது, தரை அதிர்றது கால்ல தெரிஞ்சிரும்.” ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனையில் பிடிக்க முடியாது. அதற்கு, தலையில் மின்முனை வைத்து மூளைத்தண்டின் எதிர்வினையைப் பதிவு செய்யும் கருவி வேண்டும். ஆனால் 1998-ல் யாராவது ஒருவர் மணியின் முதுகுக்குப் பின்னால் ஒரு சாவிக்கொத்தை ஆட்டியிருக்கலாம்.

பிறகு அவர் அந்த நோட்டை எடுத்தார். நீள நோட்டு, பைண்டிங் பிரிந்து நூல் தெரிந்தது. பென்சிலில் கட்டம் போட்டிருந்தார். தேதி, பெட்டை, கடுவன், எத்தனை குட்டி, நிறம், காது, போன இடம். ‘காது’ என்ற கட்டத்தில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு டிக் அல்லது ஒரு சுழி. என்னால் பக்கங்களைப் புரட்டுவதை நிறுத்த முடியவில்லை. பழைய பக்கங்களில் சுழிகள் அதிகம். ‘போன இடம்’ கட்டத்தில் சில வரிகளுக்கு எதிரே ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தது.

“இதெல்லாம் எங்க போச்சு அண்ணாச்சி?”

அவர் தோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அப்ப அப்படித்தான் தம்பி. எங்கய்யா காலத்துல கலர் குட்டி பொறந்தா அன்னைக்கே தொட்டியில முக்கிருவாக. செவிடுன்னு தெரிய ஒரு மாசம் ஆகும், அதுக்குள்ள முகம் பழகிரும். அது இன்னுங் கஷ்டம்.”

பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு ஈத்தில் இரண்டு பழுப்புக் குட்டிகள் பிறந்தன. அய்யா உயிரோடு இல்லை. மருமகள் வேண்டாம் என்று மறித்துவிட்டாள். அதில் ஒரு பெட்டையை வைத்துக்கொண்டார். அதன் ஈத்துகளில் காதுக் கட்டத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். டிக், டிக், டிக், ஒரு சுழி, டிக், டிக். மாதிரி அளவு ரொம்பச் சிறிது, இதை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது என்று என் தொழில்புத்தி சொன்னது. கண்காட்சிக்குக் கொண்டுபோனால் நடுவர்கள் அந்தக் கிளையைப் பார்க்கக்கூட மாட்டார்கள் என்றார். வாங்க வருகிறவர்களும் அப்படித்தான், வெள்ளையைத்தான் தொட்டுத் தூக்குகிறார்கள். கூச்சத்தோடு கையைப் பின்னுக்கு இழுத்தேன். நானும் அதுவரை வெள்ளைக் குட்டியின் தலையைத்தான் தடவிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு கேள்வி கேட்கும் முறை அவருடையதானது.

வீடு சொந்தமா, வாடகையா? எத்தனாவது மாடி? வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்? பாப்பாவுக்கு எத்தனை வயது? காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க? ஓட விட இடம் இருக்கா? வேண்டாம்னு தோணுனா என்ன செய்வீங்க? கடைசிக் கேள்விக்கு நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பதிலும் சொன்னார், “வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. இங்கதான் கொண்டாந்து விடணும்.” வேலைக்கு எடுத்த இண்டர்வியூகூட இவ்வளவு கஷ்டமாக இல்லை. மூன்றாவது மாடி என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“மொட்டைமாடி உங்களுக்கா?”

“இல்லண்ணாச்சி. அசோசியேஷன்ல பூட்டி வச்சிருப்பாங்க.”

“இது ஓடுற நாய் தம்பி. கட்டி வச்சீங்கன்னா ஒண்ணு கடிக்கும், இல்லாட்டி அழும்.” கொஞ்ச நேரம் கழித்து, “கோவிச்சுக்காதீங்க” என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் அவமானமாக இருந்தது உண்மை. இருநூறு வருட வரலாற்றைப் படித்துவிட்டு, குட்டியைப் பற்றி என்னென்ன கேட்க வேண்டும் என்று போனில் பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு வந்தவன், என்னைப் பற்றிக் கேட்கப்படும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

மாமா பைக்கை எடுக்கப் போனபோது அப்பா போன் செய்தார். “குட்டி கெடைச்சுதா?” இல்லை என்றேன். “காது பாத்தியா?” பார்த்தேன் என்றேன். “எப்படிப் பாத்த?” சாவிக்கொத்து சமாச்சாரத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

திரும்பப் போய் அந்தப் பெரியவரிடம், வீடு மாறினால் வரலாமா என்று கேட்டேன். தரைத்தளம், சின்னதாக ஒரு முற்றம், அப்படி ஏதாவது கிடைத்தால். அவர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஏழெட்டுப் பெயர்கள் ஏற்கனவே இருந்தன. என் பெயரையும் நம்பரையும் கேட்டு மெதுவாக எழுதினார். அதற்கு எதிரே இருந்த கட்டத்தில், ‘கலர் சரி. வீடு பாக்கி’ என்று எழுதிவிட்டுப் பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினார்.